வில்லங்கம் இல்லை, பட்டா இருக்கிறது, வங்கியும் கடன் தருகிறது: அட்வான்ஸ் கொடுக்கலாமா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்கிறேன். திருச்சிப் புறநகரில் 2,400 சதுர அடி மனை, அதில் 2007-இல் கட்டிய தனி வீடு, விலை 62 லட்சம். மனையை 1981-இல் வாங்கியவர் விற்பவரின் தந்தை. தம் சம்பாத்தியத்தில் வாங்கியவர், 2004-இல் உயில் எழுதாமல் காலமாகிவிட்டார். பட்டா இப்போது மூத்த மகன் பெயரில் இருக்கிறது, விற்பவரும் அவர்தான். 30 வருடத்துக்கு வில்லங்கச் சான்று போட்டதில் ஒன்றும் வரவில்லை. வங்கி கடன் தரச் சம்மதித்திருக்கிறது. புரோக்கர் இந்த வாரமே 5 லட்சம் அட்வான்ஸ் கேட்கிறார்; பத்திரத்தில் 45 லட்சம் காட்டினால் போதும் என்றும் சொல்கிறார். இவ்வளவும் எழுதிவிட்டு, போகிற போக்கில் ஒரு தகவல்: விற்பவருக்கு இரண்டு தங்கைகள், இருவரும் கட்டிக்கொடுத்துப் போனவர்கள். தம்பி ஒருவர் 2015-இல் தவறிவிட்டார்; அவர் மனைவி பள்ளிக்குப் போகும் மகளோடு சேலத்தில் இருக்கிறார். தாயார் மூத்த மகனோடு இதே வீட்டில்.

போகிற போக்கில் எழுதிய அந்தத் தகவலுக்குத்தான் முதலில் பதில் வேண்டும். அதுவரை அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். சொத்துப் பத்திரக் கட்டு கைக்கு வந்தால் நான் முதலில் தேடுவது, கையெழுத்துப் போட்டிருக்க வேண்டியவர்களில் யார் போடவில்லை என்பதை. இருக்கிற காகிதத்தில் பிழை இருந்தால் பெரும்பாலும் திருத்திவிடலாம். விடுபட்ட ஆள் பத்து வருடம் கழித்து வக்கீல் நோட்டீஸோடு வந்து நிற்பார்.

வில்லங்கச் சான்றை எடுத்துக்கொள்வோம். நீங்கள் குறிப்பிட்ட சர்வே எண்ணில், குறிப்பிட்ட காலத்தில், சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான ஆவணங்கள் எவை என்பதை மட்டுமே அது சொல்லும். 30 வருடம் என்றால் 1990-களின் நடுவிலிருந்துதான் தேடியிருக்கிறீர்கள். 1981-ஆம் வருடக் கிரையமே அதற்குள் வராது. 2004-இல் உரிமையாளர் இறந்தார். அதை யாரும் சார்பதிவாளரிடம் போய்ப் பதிவதில்லை. வாரிசுகளுக்குள் பாகப்பிரிவினையோ, ஒருவர் தம் பங்கை விட்டுக்கொடுத்து எழுதும் விடுதலைப் பத்திரமோ இதுவரை எழுதப்படவில்லை. அதனால்தான் சான்று வெறுமையாக வந்திருக்கிறது. புரோக்கர் இதற்குச் ‘சுத்தம்’ என்று பெயர் வைத்திருக்கிறார். குடும்பத்துக்குள் கணக்கு இன்னும் தீரவில்லை என்றுதான் நான் அதைப் படிக்கிறேன்.

பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்க விவரத்தைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். பல அலுவலகங்களுக்கு 1975 முதல் கிடைக்கிறது. அந்த வருடத்திலிருந்தே போடுங்கள். உட்பிரிவு ஆகியிருந்தால் பழைய சர்வே எண்ணுக்கும் புதிய எண்ணுக்கும் தனித்தனியாகப் போடுங்கள். அப்போதும் உயில், பதியாத ஒப்பந்தம், வரி பாக்கி, நடந்துகொண்டிருக்கும் வழக்கு ஆகியவை அதில் தெரியாது. வழக்கு நிலுவையில் இருக்கும்போது வாங்கினால், நீங்கள் வழக்கில் ஒரு தரப்பாக இல்லாவிட்டாலும் தீர்ப்பு உங்களைக் கட்டுப்படுத்தும். நீதிமன்றங்களின் இணையதளத்தில் தரப்பினர் பெயர் கொடுத்துத் தேடும் வசதி இருக்கிறது. விற்பவர், அவர் தாயார், தங்கைகள் என்று எல்லாப் பெயர்களையும் போட்டுப் பாருங்கள். எழுத்துக்கூட்டல் மாறினால் பிடிபடாது. இரண்டு மூன்று விதமாகப் போட வேண்டியிருக்கும்.

அடுத்து பட்டா. நிலவரி யாரிடம் கேட்பது என்பதற்காக வருவாய்த்துறை வைத்திருக்கும் பதிவு அது. உரிமைக்குத் துணைச் சான்றாகும். அதுவே உரிமையைக் கொடுத்துவிடாது என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. 1980-களில் நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் நடந்தபோது அனுபவத்தில் இருந்த ஒருவர் பெயரை மட்டும் எழுதிக்கொண்டு போன ஊர்கள் உண்டு; அந்தப் பிழைகளைத் திருத்தக் கேட்கும் மனுக்கள் இன்றும் வருகின்றன. உங்கள் விஷயத்தில் தந்தை பெயரிலிருந்து மூத்த மகன் பெயருக்கு மட்டும் எந்த ஆவணத்தின் பேரில் மாறியது என்று கேளுங்கள். பட்டா மாறுதல் உத்தரவையும் அதோடு வைத்த வாரிசுச் சான்றையும் வாங்கிப் பாருங்கள். வாரிசுச் சான்றில் ஐந்து பெயர் இருந்து பட்டாவில் ஒரு பெயர் இருந்தால், உங்களுக்கு வேண்டிய பட்டியல் அந்த வாரிசுச் சான்றில்தான் இருக்கிறது.

இப்போது பங்குக் கணக்கு. இந்துக் குடும்பம் என்று வைத்துக்கொள்கிறேன்; கிறிஸ்தவர், இஸ்லாமியர் என்றால் கணக்கு வேறு. 1956-ஆம் வருட வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த ஆணின் சொத்து மனைவி, மகன்கள், மகள்கள், அவருடைய தாயார் ஆகியோருக்குச் சம பங்காகப் போகும். 2004-இல் விற்பவரின் பாட்டி, அதாவது தந்தையைப் பெற்றவர், உயிரோடு இருந்தாரா என்று கேளுங்கள். இருந்திருந்தால் அவருக்கும் ஒரு பங்கு. அவர் இறந்தபின் அது அவருடைய மற்ற பிள்ளைகள் பக்கமும் போகும், அத்தையும் சித்தப்பாவும் கணக்கில் வந்துவிடுவார்கள். பாட்டி அதற்கு முன்பே இறந்துவிட்டார் என்று கொண்டால் தாயார், இரண்டு மகன்கள், இரண்டு மகள்கள் என ஐந்து பங்கு. 2015-இல் தம்பி இறந்ததும் அவருடைய ஐந்தில் ஒரு பங்கு அவர் மனைவி, மகள், தாயார் என்று மூன்றாகப் பிரிந்துவிட்டது. மகன் இறந்தால் தாயாருக்கும் பங்கு உண்டு என்பதைப் பல குடும்பங்கள் மட்டுமல்ல, சில ஆவண எழுத்தர்களும் மறந்துவிடுகிறார்கள். மொத்தத்தை 15 பங்காக்கினால் தாயாருக்கு 4, மூத்த மகனுக்கு 3, தங்கைகளுக்குத் தலா 3, தம்பி மனைவிக்கு 1, மகளுக்கு 1. விற்க வந்திருப்பவர் கையில் இருப்பது 15-இல் 3. அவர் எழுதிக்கொடுக்கும் கிரையம் அந்த 3 பங்கை மட்டும்தான் உங்களுக்குத் தரும். மிச்சப் பங்குக்காரர்கள் ஐந்து பேரோடு நீங்கள் கூட்டு உரிமையாளர் ஆவீர்கள்.

இதைச் சொன்னால் விற்பவர் தரப்பில் வழக்கமாக மூன்று பதில்கள் வரும். முதலாவது, “தங்கைகளுக்குச் சீர் செய்து கட்டிக்கொடுத்தாகிவிட்டது.” சீர் கொடுத்ததால் பங்கு போகாது, பதிவு செய்த விடுதலைப் பத்திரத்தில் போகும். இரண்டாவது, “1989-க்கு முன்பே கல்யாணமானவர்களுக்குப் பங்கில்லை.” அந்தத் தேதி பூர்வீகக் கூட்டுக்குடும்பச் சொத்து பற்றிய தமிழ்நாட்டுத் திருத்தத்தில் வருவது. அதையும் 2005-ஆம் வருட மத்தியத் திருத்தமும், 2020-இல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பும் கடந்து போய்விட்டன. தந்தை தாமே சம்பாதித்து வாங்கிய சொத்தில் மகள்களுக்கு 1956 முதலே பங்கு உண்டு, கல்யாணமாகியிருந்தாலும் இல்லாவிட்டாலும். மூன்றாவது, “12 வருடத்துக்கு மேல் நான்தான் அனுபவிக்கிறேன், யாரும் கேட்கவில்லை.” உடன்பிறந்தவர்களில் ஒருவர் அனுபவிப்பது எல்லோருக்காகவும் அனுபவிப்பதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். மற்றவர்களின் உரிமையை வெளிப்படையாக மறுத்து வெளியேற்றியதை நிரூபிக்காமல் 12 வருடக் கணக்கு ஓடத் தொடங்காது. 2007-இல் வீட்டைக் கட்டியது மூத்த மகன் பணமாகவே இருக்கலாம். அதற்காக அவர் கூடுதலாகக் கேட்பது நியாயமாகவும் இருக்கலாம். அது அவர்கள் வீட்டுக்குள் பேசித் தீர்க்க வேண்டியது. மனை ஆறு பேருடையதாகவே இருக்கும்.

தீர்வு என்ன? பெரியவர்கள் எல்லோரும் ஒரே கிரையப் பத்திரத்தில் எழுதிக்கொடுப்பவர்களாகச் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். அல்லது முதலில் மூத்தவருக்கு விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிந்துகொடுத்துவிட்டு அவர் விற்க வேண்டும். “தங்கைகளைச் சாட்சியாகக் கையெழுத்துப் போடச் சொல்கிறேன், போதாதா?” என்பார்கள். போதாது. சாட்சி, தம் முன்னால் கையெழுத்து நடந்தது என்று சொல்பவர் மட்டுமே. பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குத் தெரியும், அதற்குச் சம்மதித்தார் என்று அந்தக் கையெழுத்தை மட்டும் வைத்து எந்த நீதிமன்றமும் முடிவு செய்துவிடாது.

பள்ளிக்குப் போகும் அந்தப் பெண்தான் இந்தப் பத்திரக் கட்டில் கடினமான பகுதி. அவள் பங்கு பதினைந்தில் ஒன்றுதான். ஆனால் இளவர், அதாவது 18 வயது நிரம்பாத மைனர், சொத்தைத் தாய் விற்க வேண்டுமென்றால் 1956-ஆம் வருட இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 8-ஆம் பிரிவின்படி நீதிமன்றத்தின் முன் அனுமதி வேண்டும். அனுமதியில்லாமல் தாய் கையெழுத்திட்டால், 18 வயது முடிந்து மூன்று வருடத்துக்குள் அந்தப் பெண் விற்பனையை ரத்து செய்யக் கேட்கலாம். விற்பது குழந்தையின் நன்மைக்கு என்று நீதிமன்றத்துக்குக் காட்ட வேண்டும். அவள் பங்குப் பணத்தை அவள் பெயரிலேயே வைப்புத்தொகையாகப் போடும்படி உத்தரவு வருவது வழக்கம். இதற்கு மாதக்கணக்கில் ஆகும். “அம்மா கையெழுத்துப் போட்டால் போதும் சார், பதிந்துவிடலாம்” என்று ஆவண எழுத்தர் சொல்லக்கூடும். பதிவாகிவிடும் என்பது உண்மைதான். பதிவு அலுவலகம் உரிமையை ஆராய்ந்து உத்தரவாதம் தருகிற இடமல்ல. எழுதிக்கொடுப்பவருக்கு உரிமை உண்டா என்று பார்ப்பது சார்பதிவாளரின் வேலை இல்லை என்று, தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கொன்றிலேயே 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

ஒரு நாள் பகலில், புரோக்கர் இல்லாமல் அந்த வீட்டுக்குப் போய்வாருங்கள். தாயாரிடம் உட்கார்ந்து பேசுங்கள். வீடு விற்கப்படுவது அவருக்குத் தெரியுமா, சம்மதமா, விற்றபின் எங்கே போவார் என்று கேளுங்கள். இது மரியாதைக்காக மட்டும் சொல்வதில்லை. ஒரு சொத்தில் யார் குடியிருக்கிறாரோ அவருடைய உரிமை வாங்குபவருக்குத் தெரிந்ததாகவே கருதப்படும் என்று சொத்து மாற்றுச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு சொல்கிறது. பின்கட்டில் ஒரு அறையில் யாராவது இருந்தால், ஏன் இருக்கிறார் என்று கேட்காமல் வந்தவர் பிறகு “எனக்குத் தெரியாது” என்று சொல்ல முடியாது.

வங்கி பார்த்துவிட்டது என்பதில் பலருக்குப் பெரிய நிம்மதி. வங்கியின் வழக்கறிஞர் எழுதுவது வங்கிக்கான கருத்துரை. வங்கியிடம் உங்கள் சம்பளமும் ஜாமீனும் இருக்கின்றன. சொத்தில் உரிமை ஆட்டம் கண்டாலும் தவணையை நீங்கள் கட்டித்தான் ஆக வேண்டும். கடன் தரத் தயார் என்பது பெரும்பாலும் உங்கள் வருமானத்தைப் பார்த்துச் சொன்னது. சட்டக் கருத்துரை அதற்குப் பிறகுதான் வரும். நீங்களே ஒரு சிவில் வழக்கறிஞரிடம் எழுத்தில் கருத்துரை வாங்குங்கள். புரோக்கர் அழைத்துவரும் வழக்கறிஞர் வேண்டாம்.

1981-ஆம் வருட மூலப்பத்திரத்தின் அசலைக் கண்ணால் பாருங்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் போட்டு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். கலர் ஜெராக்ஸ் இப்போது அசலை விட அழகாக இருக்கிறது. அசல் தொலைந்துவிட்டது என்றால் சந்தேகப்படுங்கள். பத்திரத்தை ஒருவரிடம் ஒப்படைத்துக் கடன் வாங்கினாலே அது அடமானம்தான். அதற்கென்று எழுதிப் பதியாவிட்டால் வில்லங்கத்தில் வராது.

அட்வான்ஸ் பற்றி. தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல் கிரைய ஒப்பந்தத்தைப் பதிவது கட்டாயம். பதியாத ஒப்பந்தம் வெறும் காகிதம் என்று ஒரு பேச்சு உண்டு. அது முழுச் சரியில்லை. பதியாவிட்டாலும் ஒப்பந்தத்தை நிறைவேற்றக் கோரும் வழக்கில் அதைச் சான்றாகக் காட்டலாம் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம், அதுவும் தமிழ்நாட்டு வழக்கில்தான், சொல்லியிருக்கிறது. பதிவதால் வேறொரு பயன். பதிந்தால் வில்லங்கத்தில் ஏறும். அடுத்து வாங்க வருபவர் “தெரியாமல் வாங்கினேன்” என்று சொல்ல முடியாது. பதியாவிட்டால், விஷயம் தெரியாமல் முழு விலை கொடுத்து வாங்கிய இன்னொருவருக்கு எதிராக உங்கள் ஒப்பந்தம் எடுபடாது. விற்பவர்கள் பதியத் தயங்குவதும் இதனால்தான். வியாபாரம் முறிந்தால் ரத்துப் பத்திரம் போட உங்களைத் தேடி வர வேண்டும். உங்கள் ஒப்பந்தத்தில் ஆறு பங்குக்காரர்களின் பெயரும், இளவருக்கான நீதிமன்ற அனுமதி வாங்குவது விற்பவர் பொறுப்பு என்பதும், இந்தத் தேதிக்குள் வராவிட்டால் அட்வான்ஸ் திரும்ப வேண்டும் என்பதும் இருக்கட்டும். 5 லட்சம் வேண்டாம். தயக்கமில்லாமல் விட்டுவைக்கக்கூடிய தொகை எதுவோ அதைக் கொடுங்கள், வங்கி வழியாக மட்டும்.

45 லட்சம் காட்டும் யோசனைக்குச் சம்மதிக்காதீர்கள். சொத்து வியாபாரத்தில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. அபராதம் வாங்கியவருக்குத்தான் என்றாலும் விசாரணை உங்கள் வாசலுக்கும் வரும். அதைவிட முக்கியம், நாளை உரிமை ஆட்டம் கண்டு பணத்தைத் திரும்பக் கேட்க நேர்ந்தால் பத்திரத்தில் உள்ள 45 லட்சம்தான் உங்கள் கைப்பிடி; மிச்சம் 17 லட்சத்துக்குச் சாட்சி கிடையாது. நீங்கள் விற்கும்போதும் வாங்கிய விலை குறைவு என்று காட்டி அதிக வரி கட்டுவீர்கள். 50 லட்சமும் அதற்கு மேலும் என்றால் வாங்குபவர் 1 சதவீதத்தைப் பிடித்து வருமான வரித்துறைக்குக் கட்ட வேண்டும், இங்கே 62,000 ரூபாய். புரோக்கர் 45-இல் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். விற்பவர்கள் ஆறு பேர், ஒவ்வொருவருக்கும் 50 லட்சத்துக்குக் கீழே என்று சொல்லியும் தப்ப முடியாது. 2024 அக்டோபர் முதல் மொத்த விலையைத்தான் பார்க்கிறார்கள். தங்கைகளில் ஒருவர் வெளிநாட்டுவாசி என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். அவர் பங்குக்குப் பிடிக்க வேண்டிய விகிதம் இதைவிடப் பல மடங்கு, 50 லட்ச வரம்பும் கிடையாது. அவர் பவர் பத்திரம் அனுப்பினால், பதிவு நாளன்று அவர் உயிரோடு இருக்கிறார் என்பதற்கான சான்றும் வேண்டும். கொடுத்தவர் இறந்தால் பவரும் இறந்துவிடும்.

பதிவுச் செலவு, முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். விலை, அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பு இரண்டில் எது அதிகமோ அதற்கு. 62 லட்சத்துக்கு 5,58,000 ரூபாய். 2025 ஏப்ரல் முதல் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதச் சலுகை உண்டு. ஆனால் 10 லட்சம் வரையுள்ள சொத்துக்கு மட்டும் என்பதால் உங்களுக்கு உதவாது.

மனைப்பிரிவு அங்கீகாரம் உள்ளதா என்று கேட்டிருந்தீர்கள். ஊராட்சித் தலைவர் கையெழுத்திட்ட வரைபடம் அங்கீகாரம் ஆகாது. நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அங்கீகார எண் வேண்டும். 2016 அக்டோபர் 20-க்கு முன்பே மனையாகப் பதிவானது என்பதால் மறுபடி பதியத் தடை வராது. ஆனால் 2017-ஆம் வருட விதிகளின்படி வரைமுறைப்படுத்தியிருக்கிறார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் பிறகு மாடி கட்ட அனுமதி கேட்கும்போது சிக்கல் வரும். 2007-ஆம் வருடக் கட்டட வரைபடத்தையும் வாங்கி, கட்டியிருப்பதோடு ஒத்துப்பாருங்கள். மனையைச் சர்வேயரை வைத்து அளந்துவிடுங்கள். பத்திரத்தில் எழுதிய பரப்புக்கும் நான்கு எல்லைக்கும் முரண் வந்தால் எல்லைதான் பொதுவாக நிற்கும். 2,400 என்று எழுதியிருப்பதை வைத்துப் பக்கத்து வீட்டுக்காரரிடம் சண்டை போட முடியாது.

இது சரிவராமல் அடுக்குமாடி பார்த்தால் வழி வேறு. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலம் அல்லது எட்டுக்கு மேற்பட்ட வீடுகள் உள்ள புதிய திட்டம் என்றால் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிந்திருக்க வேண்டும். பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் பில்டர் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. கட்டுமானக் குறைகளுக்கு ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து வருடம் அவரே பொறுப்பு. அங்கேயும் நிலத்துக்கு மேலே சொன்ன அதே வாரிசுக் கணக்கு உண்டு. பில்டருக்குப் பவர் கொடுத்த குடும்பத்தில் யார் விடுபட்டார்கள் என்று பார்க்க வேண்டும்.

எல்லாம் கூடிவந்தால், பதிவு நாள் காலையில் வில்லங்கத்தை இணையத்தில் இன்னொரு முறை பாருங்கள். பணத்தை ஆறு பேருக்கும் அவரவர் கணக்குக்குத் தனித்தனியாக அனுப்பி, பரிமாற்ற எண்களைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். மூலப்பத்திரம், தந்தைக்கும் தம்பிக்குமான இரண்டு வாரிசுச் சான்றுகள், நீதிமன்ற உத்தரவின் சான்றிட்ட நகல் ஆகியவற்றைச் சாவியோடு சேர்த்து வாங்குங்கள். பிறகு பட்டா, சொத்து வரி, மின் இணைப்பு மூன்றையும் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். தங்கைகள் கையெழுத்திட மறுத்தால் அல்லது விற்பவர் அவர்களைக் கேட்கவே மறுத்தால், வேறு வீடு பாருங்கள். திருச்சியில் வீட்டுக்குப் பஞ்சமில்லை.